அடக்கி வைக்கும் நம் வீட்டுக் கர்ப்பிணிகள்



ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களை இணைவைப்பாளர் சிலர் எள்ளி நகையாடிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மலசலம் கழிக்கும் முறையைக்கூட உங்கள் நபி உங்களுக்குக் கற்றுத்தருகிறாராமே என்பது அவர்களின் ஏளனம். ஸல்மான் (ரலி) அவர்கள் கூனிக்குறுகவில்லை; பேச்சை மாற்றவுமில்லை. ஆம், கற்றுத்தருகிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, எத்திசையை முன்னோக்கக் கூடாது, எக்கையால் சுத்தம் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். தூய்மை பற்றிய பாடத்தை இவ்வளவு வெளிப்படையாகத் தொடங்கிய ஒரு சமுதாயத்தில், இன்று ஒரு கர்ப்பிணிப் பெண் தனக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று தன் கணவரிடம் சொல்ல நான்கு நாள்கள் தயங்குகிறாள். ஐந்தாம் நாள் குளிர்க் காய்ச்சலுடன் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். இந்தத் தயக்கத்திற்கு நாம் 'ஹயா' என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

ஹயா என்னும் நாணம் ஈமானின் ஒரு கிளை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நாணத்தை நம்மைவிட நன்கறிந்தவர்கள் அன்ஸாரிப் பெண்கள். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், அல்லாஹ் உண்மையைக் கூற நாணுவதில்லை என்ற முன்னுரையோடுதான் நபி (ஸல்) அவர்களிடம் பெண்ணின் குளிப்புக் கடமை குறித்துக் கேட்டார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அப்பெண்களுக்குத் தடையாக நிற்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். கேட்டறிய வேண்டியதைக் கேட்காமல் உடலை வருத்திக்கொள்வது அந்தப் பெண்களின் வழி அன்று. அது நம் ஊர்களில் நாமே உண்டாக்கிக்கொண்ட பழக்கம். மார்க்கத்தின் மேல் அதைச் சுமத்துவது நேர்மையாகாது.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். நம் வீடுகளில் இதை நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று பலவாறு அழைப்பார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணமாவது நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆதலால் ஆணைக் காட்டிலும் பெண்ணுக்கு இக்கிருமி எளிதில் உள்ளே ஏறுகிறது. கர்ப்ப காலத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அக்குழாய்களையும் சிறுநீர்ப்பையையும் அழுத்துகிறது. சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகுவதைச் சொல்லித்தர வேண்டுமா? மூடாத தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டாருக்கும் அது தெரியும். ஆக, இந்நோய் அசுத்தமான பெண்ணுக்கு வருவதன்று. கர்ப்பம் என்ற நிலையே இதற்கு வழி திறந்துவிடுகிறது. திருக்குர்ஆன், தாய் தன் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்ததை லுக்மான் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. அந்தப் பலவீனங்களுள் இதுவும் ஒன்று. இதற்காக அவள் வெட்கப்பட வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

அசுத்தம் என்று சொன்னோம். நம் பெண்களின் வாய் அடைபட்டுக் கிடப்பதற்கு இந்தச் சொல்லே பெருங்காரணம். சிறுநீரில் தொற்று என்று சொன்னால் "சுத்தமாக இருக்கத் தெரியவில்லையா?" என்ற கேள்வி வரும், அது தஹாரத்தைக் குறை கூறுவதாகும், தஹாரத்தைக் குறை கூறினால் தொழுகையையே குறை கூறியதாகும் என்று ஒரு பெண்ணின் மனம் அடுக்கிக்கொண்டே போகிறது. பேணுதல் மிக்க பெண்ணே அதிகம் மறைக்கிறாள் என்பது இதில் உள்ள கொடுமை. ஐந்து வேளையும் தண்ணீரால் சுத்தம் செய்பவளுக்கும் இந்நோய் வரும். சுத்தம் செய்கையில் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பது முக்கியமே. பின்னிருந்து முன்னாகக் கழுவினால் குடற்கிருமி தவறான இடத்திற்கு வந்து சேரும். அதைத் தாய் மகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனால் அதைச் சரியாகச் செய்தவளுக்கும் கருப்பையின் அழுத்தம் இல்லாமல் போய்விடாது.

இன்னொரு வகைப் பெண்களும் இருக்கிறார்கள். எரிச்சல் கண்டதும் அசுத்தம் என்ற அச்சத்தில் சோப்பும் கிருமிநாசினித் திரவமும் கொண்டு உட்புறமெல்லாம் கழுவுகிறார்கள். இதனால் அங்கே இயற்கையாகக் காவல் நிற்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நோய்க்கிருமிக்கு இடம் இன்னும் எளிதாகிறது. வெறும் தண்ணீர் போதும். வெளிப்புறம் மட்டும் போதும். மார்க்கம் கேட்டதும் அவ்வளவுதான். அதற்கு மேல் சென்று வருத்திக்கொள்வதை ஆலிம்கள் வஸ்வாஸ் என்று எச்சரித்திருக்கிறார்கள். மருத்துவர்களும் வேறு சொற்களில் அதையே கூறுகிறார்கள்.

இந்நோயின் பெரிய சூழ்ச்சி, அது பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் சிறுநீரில் கிருமி இருக்கிறது. கர்ப்பிணிகளில் 100 பேருக்கு 2 முதல் 10 பேர் வரை இந்நிலையில் இருப்பதாக மருத்துவ நூல்கள் கணிக்கின்றன. 1950களிலும் 60களிலும் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வுகள் இந்த மறைந்த தொற்றின் மேல் உலகின் கவனத்தைத் திருப்பின. சிகிச்சை பெறாத பெண்களில் 20 முதல் 30 சதவீதத்தினருக்கு அது சிறுநீரகம் வரை ஏறிக் கடுங்காய்ச்சலாக மாறக்கூடும் என்பது அக்காலம் தொட்டு வந்த கணக்கு. நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதைவிடக் குறைந்த விகிதத்தையே கண்டது. அதைக் காட்டி, அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லையே என்று கேட்பவர் உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஒற்றைக் கருவைச் சுமந்த, வேறு சிக்கல் இல்லாத பெண்கள். சர்க்கரை நோயும் இரத்தச்சோகையும் நம் கர்ப்பிணிகளை எந்த அளவு பற்றியிருக்கின்றன என்பதை அவரவர் வீட்டு மருத்துவச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். சர்க்கரை இருக்கும் உடலில் இத்தொற்று இன்னும் எளிதில் காலூன்றும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பேறுகாலக் கவனிப்புப் பரிந்துரைகளில், அறிகுறி இல்லாத கர்ப்பிணிக்கும் இதைக் கண்டறியச் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையையும், கிருமி உறுதியானால் ஏழு நாள் மருந்தையும் கூறியிருக்கிறது.

தொற்று சிறுநீரகத்திற்கு ஏறிவிட்டால் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும், விலாப்புறம் வலிக்கும், வாந்தி நிற்காது. கர்ப்பத்தின் நடு மாதங்களிலும் கடைசி மாதங்களிலும்தான் இது மிகுதி. அப்பெண்ணை மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும். நச்சு இரத்தத்தில் கலந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. குறைமாதப் பிரசவத்திற்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இது ஒரு காரணமாகிறது. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தீர்த்திருக்கக் கூடிய ஒன்று, பச்சிளம் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் நிலையில் போய் முடியலாம். அந்தக் குழந்தைக்காக இரவெல்லாம் துஆ செய்யும் அதே குடும்பம், மூன்று மாதம் முன்பு அதன் தாய் "எரியுது மாமி" என்றபோது இளநீர் வாங்கிக் கொடுத்துப் படுக்கச் சொன்ன குடும்பமாகவும் இருக்கக்கூடும்.

இளநீரைக் குறை சொல்லவில்லை. பார்லித் தண்ணீர், சோம்புத் தண்ணீர், நீர்மோர் ஆகியவற்றையும் குறை சொல்லவில்லை. தண்ணீர்ச் சத்து உடலுக்குச் சேர்வது நல்லதே. எரிச்சலும் சற்றுத் தணியும். பிழை எங்கே இருக்கிறதென்றால், எரிச்சல் தணிந்ததைக் கிருமி ஒழிந்ததாக எண்ணிக்கொள்வதில். "சூட்டுக்கு வருவது" என்ற ஒரு வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை நோய்களை மூடி வைத்திருக்கிறது என்று ஒருவர் எண்ணிப் பார்த்தால் நல்லது. சூடு என்பது நம் பாட்டிமார்களுக்குப் பரிசோதனைக்கூடம் இல்லாத காலத்தில் உதவிய சொல். இன்று தெருமுனையில் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு இரு நாள் எரிச்சல் என்றால் இளநீரும் கொடுக்கலாம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லலாம். ஒன்றுக்கு மற்றொன்று பகை அன்று.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அடிக்கடி சிறுநீர் வருவது கர்ப்பத்தில் இயல்பு. இடுப்பு வலியும் இயல்பே. ஆதலால் எல்லாவற்றையும் "வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறார்கள். இயல்பு எது, நோய் எது என்பதைப் பிரித்தறிவது கடினமன்று. அடிக்கடி போவது இயல்பு. போகும்போது எரிவது இயல்பன்று. கலங்கிய நிறம், துர்நாற்றம், இரத்தம், போய்வந்த உடனே மீண்டும் முட்டிக்கொண்டு வந்து இரண்டு சொட்டு மட்டும் விழுவது, இவை இயல்பல்ல. முதுகின் கீழ்ப்பகுதி பொதுவாக வலிப்பது இயல்பு; ஒரு பக்க விலாவில் வலித்துக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் வேளை அது அன்று.

பரிசோதனை விஷயத்திலும் நம் குடும்பங்களுக்கு ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. "ஒவ்வொரு செக்கப்பிலும் யூரின் டெஸ்ட் எடுக்கிறார்களே" என்பார்கள். அங்கே வழக்கமாகப் பார்ப்பது ஆல்புமினும் சர்க்கரையும். அவை வேறு ஆபத்துகளைக் கண்டறிவதற்கானவை, மிகவும் தேவையானவை. கிருமியை உறுதியாகக் கண்டறிவது கல்ச்சர் பரிசோதனை. அதன் முடிவு வர இரண்டு நாள் ஆகலாம். எந்த மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்பதையும் அது சொல்லிவிடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஒரு முறையாவது இதைச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. தனியார் பரிசோதனைக்கூடத்தில் செய்தாலும் சில நூறு ரூபாய்தான் ஆகும். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குரிய பரிசோதனைகள் இலவசம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கென்றே சிறப்புப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் இருந்து வருகிறது. ஸ்கேன் எடுக்கக் கேட்ட பணத்தைக் கொடுத்து, அதன் படத்தை வெளிநாட்டிலுள்ள மாப்பிள்ளைக்கு உடனே அனுப்பும் குடும்பங்கள், சிறுநீர்ப் பரிசோதனை என்றால் மட்டும் "இது எதற்கு, காசு பிடுங்கத்தான்" என்கின்றன. படம் காட்டும் சோதனைக்கு இருக்கும் மதிப்பு, புட்டியில் கொண்டுபோகும் சோதனைக்கு இல்லை.

அந்தப் புட்டியைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவமனையில் கொடுக்கும் சுத்தமான புட்டியில், வெளிப்புறத்தைக் கழுவிவிட்டு, முதலில் வரும் நீரை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் கொண்டுசேர்க்க வேண்டும். வீட்டில் கிடந்த பழைய மருந்துப் புட்டியில் பிடித்துக் கொண்டுபோனால் புட்டியிலிருந்த கிருமியும் கணக்கில் சேர்ந்து, முடிவே தவறாகிவிடும். புட்டியைக் கையில் ஏந்திச் செல்லக் கணவருக்குக் கூச்சம். மனைவிக்கோ கூட்டத்தின் நடுவே அதைக் கொடுக்கக் கூச்சம். யூனானி ஹகீம்கள் நோயாளியின் சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் வாங்கி நிறம் பார்த்து நோய் கணித்த மரபு நம்முடையது. அக்குடுவைக்கு 'காரூரா' என்று பெயரே உண்டு. இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் சிறுநீரகத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கி எழுதினார். மருத்துவத்தில் நம்மவர் அன்று செய்த சாதனைகளை மேடைதோறும் முழங்குகிறோம். அந்தச் சாதனையாளர்கள் ஆராய்ந்ததில் ஒரு பங்கு, நாம் இன்று பைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் இந்தப் பொருள்தான்.

மருந்தைப் பற்றிய அச்சம் அடுத்த தடை. "மாசமாக இருக்கும்போது ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது" என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சொல்ல, மருத்துவர் எழுதிய ஏழு நாள் மருந்து இரண்டு நாளோடு நின்றுவிடும். கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானவை என்று நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இருக்கின்றன. எந்த மாதத்தில் எதைக் கொடுக்கலாம் என்பது மருத்துவருக்குத் தெரியும். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவரிடம் செல்ல வெட்கப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் "நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்கிவரும் கணவர்மார்கள் இருக்கிறார்களே, அங்குதான். யாருக்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை. கர்ப்பிணிக்கு என்று இவரும் சொல்வதில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின் போன்றவை கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுபவை. டெட்ராசைக்ளின் வகை, குழந்தையின் பற்களில் நிறக்கறையை உண்டாக்கும். கோ-டிரைமாக்ஸசோல் முதல் மூன்று மாதங்களில் கூடாது. வெட்கத்தைக் காக்கப் போய்ப் பிள்ளையை ஆபத்துக்கு உள்ளாக்கும் இந்தக் குறுக்குவழியை, பிள்ளையின் மேலுள்ள பாசத்தின் பெயரால் செய்வதுதான் வியப்பு. பாதியில் நிறுத்தும் மருந்தும் கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். நம் நாட்டில் ஈ.கோலை பல மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், ஆதலால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிவழி. மருத்துவத்தைப் பாதியில் விடுவதைத் தவக்குல் என்று அழைப்பது பொருந்தாது.

இனி, வீட்டைவிட்டு வெளியே வருவோம்.

நம் பெண்கள் வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். காயல்பட்டினத்திலிருந்து மதுரைக்கு, கீழக்கரையிலிருந்து சென்னைக்கு நிக்காஹ் வீட்டுக்குச் செல்லும் வேனில், ஆண்கள் தேநீருக்கு இறங்கும் இடமெல்லாம் தங்களுக்கும் வசதியாக அமைத்துக்கொள்கிறார்கள். பெண்கள் இறங்குவதில்லை. ஏழாம் மாதக் கர்ப்பிணியும் இறங்குவதில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று ஒரு பெரியம்மா சொல்ல, அந்தக் கொஞ்ச நேரம் மூன்று மணி நேரமாகிறது. மண்டபத்திற்குப் போய்ச் சேர்ந்தால் ஐந்நூறு பெண்களுக்கு இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றில் தண்ணீர் வராது. உளூ முறிந்தால் மீண்டும் செய்ய இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து ஒரு மடக்கும் குடிக்காத பெண்களை நாம் அறிவோம். தொழுகையைப் பேணும் ஆசையே அவர்களின் சிறுநீரகத்திற்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. ஆனால் மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தொழுகைக்காகவே அடக்குவதை மார்க்கம் விரும்பவில்லை என்றால், பந்திக்காகவும் பயணத்துக்காகவும் அடக்குவதை என்னவென்று சொல்வது?

மஸ்ஜிதுந் நபவியில் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது தோழர்கள் தடுக்கப் பாய்ந்தார்கள். நபி (ஸல்) அவர்கள், அவரை இடையில் நிறுத்த வேண்டாம் என்று தடுத்தார்கள். முடிக்க விட்டு, ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. இடையில் நிறுத்தினால் அவருக்கு உடல் தீங்கு நேரும் என்பதை இமாம் நவவீ (ரஹ்) இதற்கு ஒரு காரணமாக விளக்குகிறார்கள். பள்ளிவாசலின் கண்ணியத்தையே ஒரு மனிதரின் உடல்நலத்துக்காகப் பொறுத்துக்கொண்ட மார்க்கம் இது. இன்று நம் நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்களில், பயணத்தில் வரும் ஒரு கர்ப்பிணி ஒதுங்கக் கதவு இருக்கிறதா? சில இடங்களில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். தனி வாசல், தனி உளூ இடம், தூய கழிப்பறை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. பல இடங்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இன்னும் சில இடங்களில் இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. மினாராவுக்கு நன்கொடை திரட்டும் அளவுக்கு இதற்குத் திரட்ட எவரும் எழுந்து நிற்பதில்லை. கழிப்பறைக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்க முடியாதே என்பது காரணமாக இருக்குமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

தஹாரத் குறித்து நம் பெண்கள் மனத்தில் சுமக்கும் ஐயங்களைத் தீர்ப்பது ஆலிம்களின் பொறுப்பு. கர்ப்பத்தில் இருமினாலும் தும்மினாலும் ஒரு துளி கசியும். இதனால் குளிப்பு கடமையாவதில்லை. அவ்விடத்தையும் ஆடையில் பட்ட பகுதியையும் கழுவி உளூவைப் புதுப்பித்தால் போதும். நிற்காமல் கசிந்துகொண்டே இருப்பவருக்கோ, நிரந்தர உபாதை உடையவருக்கான சலுகை இரு மத்ஹபுகளிலும் உண்டு. நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக்கொண்டு, உளூச் செய்து தொழலாம்; இடையில் கசிவது தொழுகைக்கு ஊறு செய்யாது. ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் உளூ. ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் ஓர் உளூ. இதன் நுணுக்கங்களைத் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் இவ்வளவு எளிய சட்டம் தெரியாமல், தொழுகை கூடாதோ என்ற குற்ற உணர்வில் தண்ணீரைக் குறைத்து நோயை வரவழைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள் என்றால், பெண்கள் பயானில் நாம் எதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்? கணவருக்குக் கட்டுப்படுவது பற்றி ஆண்டுக்குப் பத்து பயான் நடக்கிறது. கர்ப்பிணியின் தஹாரத் பற்றி ஒன்றுகூட நடப்பதில்லை.

ரமலானையும் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை இருப்பது நபிமொழியில் வந்துள்ளது. தனக்குத் தீங்கு அஞ்சி விட்டால் பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்கு மட்டும் அஞ்சி விட்டால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. நலமாக இருந்து, மருத்துவரும் இசைந்தால், நோன்பு நோற்கும் கர்ப்பிணியை யாரும் தடுக்கவில்லை. ஆனால் சிறுநீரில் தொற்று உறுதியாகி, நாளுக்கு மூன்று வேளை மருந்தும் நிறையத் தண்ணீரும் வேண்டியவள், "எல்லாரும் நோன்பு வைக்கும்போது நான் மட்டுமா?" என்று பகல் மருந்தை விட்டுவிடுவது பேணுதல் ஆகாது. அவளை அந்த நிலைக்குத் தள்ளுவது பெரும்பாலும் அவளுடைய சொந்த ஆசை மட்டுமன்று. சமையலறையில் பகலில் ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பவளைப் பார்க்கும் கண்களும்தான். அல்லாஹ் கொடுத்த சலுகையை அவள் பயன்படுத்தும்போது முகம் சுளிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதையெல்லாம் படிக்கும் ஆண்கள், மாமியார்கள்தான் காரணம் என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அது நியாயமன்று. அந்த மாமிமார்களும் தங்கள் காலத்தில் இதே எரிச்சலை வாய்மூடிப் பொறுத்தவர்கள். பொறுத்ததையே பெண்மை என்று கற்பிக்கப்பட்டவர்கள். தம் காலத்தில் கேட்க ஆளில்லாத கேள்வியை மருமகளிடம் கேட்க அவர்களுக்குச் சொல் அமையவில்லை. இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் கணவர். வாகனத்தை எங்கே நிறுத்துவது, பணத்தை எதற்குச் செலவிடுவது, எந்த மருத்துவரிடம் எப்போது போவது ஆகிய மூன்றும் அவர் கையில் இருக்கின்றன. ஆண் மருத்துவர் என்பதால் தயக்கம் என்றால் பெண் மருத்துவரைத் தேடிக் கொடுப்பதும் அவர் வேலையே. துபையிலோ சவூதியிலோ இருப்பவர், தினமும் பேசும் தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு "எரிச்சல் ஏதும் இருக்கிறதா?" என்று வெளிப்படையாகக் கேட்கலாம். தன் துணைவிமார்களிடம் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு நெருக்கமாகவும் இயல்பாகவும் பேசினார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றன. அந்த நெருக்கத்தைச் சுன்னத்தாக எடுக்காமல், தாடியையும் மிஸ்வாக்கையும் மட்டும் எடுத்துக்கொள்பவர்களை என்ன சொல்வது?

ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது மிகச் சில. நிக்காஹ் பதிவு செய்ய வரும் மணமக்களுக்குத் தரும் அறிவுரையில் கர்ப்ப கால உடல்நலமும் ஒரு பகுதியாகட்டும்; அதைப் பேச ஊரிலுள்ள ஒரு பெண் மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ அழைக்கலாம். ஜமாஅத் மண்டபத்தைப் புதுப்பிக்கும்போது ஏ.சி. பொருத்துவதற்கு முன் பெண்கள் கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சாலையோரப் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு ஒதுங்குமிடமும் உளூ இடமும் இருப்பதை வெளியிலிருந்தே தெரியும்படி எழுதி வையுங்கள். கட்ட இயலாத ஊர்களில், ஏற்கெனவே இருப்பதைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், உங்கள் பள்ளிவாசலில் பெண்கள் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள்.